அளக்கும்போது பேசலாம்

20 மார்ச் 2025, வியாழன்

ரத்த அழுத்தம் 138/84. பால்கனியில் புறா மறுபடியும் குச்சி கொண்டுவந்து போட்டிருக்கிறது. எடுத்துவிட்டேன்.

மாலையில் கீழ் வீட்டு ஆரோக்கியமேரி வந்தார். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் டேனியல் கடக்வாஸ்லா வழியில் பஸ் ஓட்டுகிறார். மகள் கீர்த்தி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை இந்த வாரம்தான் முடித்தாள். இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்லத்தான் வந்திருந்தார்.

"சார், கீர்த்தி ரிட்டன்ல பாஸாயிட்டா. இன்டர்வியூக்குக் கூப்ட்டுக்கிறாங்க."

இந்தியா முழுவதிலுமிருந்து ஆண்டுக்கு நாற்பது பேரை மட்டுமே எடுக்கும் பல்கலைக்கழகம். இயற்பியல். உள்ளே போய்விட்டால் படிப்பும் விடுதியும் அவர்கள் பொறுப்பு. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு முந்நூறு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேர்காணல் ஏப்ரல் பதினாறு, வீடியோவில். கிடைக்காவிட்டால் நர்ஸிங்கில் சேர்த்துவிடுவது என்று டேனியல் முடிவு செய்துவிட்டாராம். அந்தப் பெண்ணோ இரண்டு வருஷமாக இயற்பியலைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை.

"நீங்கதான் சார் அவள டெய்லி கேள்வி கேட்டு ரெடி பண்ணணும்."

"நானா? ஸ்கூல் டீச்சர்கள்..."

"அவுங்கல்லாம் சூப்பர் சூப்பர்ன்றாங்களாம். நீங்க ஒருத்தர்தான் எதையும் நல்லாக்கீதுன்னு சொன்னதே இல்லியாம். அதான் தாத்தாகிட்டயே போறேன்னுட்டா."

சமையலறையில் என் மனைவி சந்திரிகா சிரித்தது வாசல்வரை கேட்டது.

முடியாது என்று சொல்ல நினைத்தேன். நாளையிலிருந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். எழுபத்துநான்கு வயதில் இது எனக்குத் தேவையா? என்னால் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கெடுதல் வந்துவிட்டால்?

(பென்சிலில் எழுதியது. வழக்கம்போல் நாளை படித்துத் திருத்தி மையில் ஏற்ற வேண்டும்.)

21 மார்ச், வெள்ளி

புதிய பதிவேடு வாங்கினேன். கட்டம் போட்டாயிற்று: கேள்வி, நேரம், விடை, குறை.

காசர்வாடி பேரிங் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் அளவு அறையில் இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். எஃகு வளையம் மேஜைமேல் இருக்கும்போது யாரும் பேசக் கூடாது. ஒருமுறை அளக்க வேண்டும், இன்னொருமுறை அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் வாயைத் திறந்து எண்ணைச் சொல்லலாம். சரிபார்க்காத எண் வாயிலிருந்து வந்துவிட்டால் எவனாவது அதை எழுதிக்கொண்டு போய்விடுவான்.

கீர்த்திக்கும் இதையே முதல் விதியாகச் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

24 மார்ச், திங்கள்

முதல் நாள். எங்கள் வீட்டிலேயே. அவர்கள் வீடு தரைத்தளம், ஜன்னலுக்கு நேரே ரயில் பாதை. லோக்கல் போகும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். எங்களுடையது இரண்டாம் மாடி, பின்பக்கம்.

கேள்வி: சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஏன் உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடுகிறது?

கேட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "ம்ம்... எண்ணெய் இருக்கறதாலயா? நஹி நஹி, எண்ணெய் இல்லாமலும் ஓடுது, மம்மி சப்பாத்தி போடும்போது பார்த்திருக்கேன். அப்போ கீழ ஏதோ இருக்கு, மத்லப், அதாவது, தண்ணிக்கும் கல்லுக்கும் நடுவுல..."

நிறுத்தினேன். முடிவு தெரிந்த பிறகு பேசு என்றேன்.

"பேசாம எனக்கு யோசிக்க வராது தாத்தா."

"பழகிக்கொள்ளலாம்."

குறை என்ற கட்டத்தில் எழுதினேன்: அவசரம். இன்று மொத்தம் ஒன்பது குறைகள்.

27 மார்ச், வியாழன்

நான்கு குறைகள்.

30 மார்ச், ஞாயிறு

குடிபாட்வா, மராத்தி வருஷப் பிறப்பு. எதிர்வீட்டிலிருந்து பூரண் போளி வந்தது. பண்டிகை என்று விடாமல் கீர்த்தி வந்தாள். கேள்வியைக் கேட்டாள், கண்ணை மூடினாள், ஐம்பது நொடி. பிறகு நான்கே வாக்கியத்தில் பிசிறில்லாத விடை. ஒரே ஒரு குறை. அதுவும் உச்சரிப்பு.

உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருந்தது. எதுவும் சொல்லவில்லை.

2 ஏப்ரல், புதன்

ஆறு கேள்விகள். குறை: பூஜ்யம். அதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன்.

சந்திரிகா மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, அந்தப் புள்ள முன்னெல்லாம் மாடிப்படி ஏறும்போதே பேசிட்டு வருமுங்க. இப்ப ஆஸ்பத்திரிக்கு ஊசி போட வர்ற மாதிரி வருது."

முறையான பயிற்சி என்றால் அப்படித்தான் என்றேன்.

5 ஏப்ரல், சனி

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதுகிறேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கும் தீபா என்ற பெண், கீர்த்தியின் பள்ளியில்தான் முன்பு படித்தவள். ஆசிரியை சொல்லி, இன்று வீடியோவில் ஒரு ஒத்திகை நேர்காணல் நடத்தினாள். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ். நான் திரையில் தெரியாமல் ஓரமாக உட்கார்ந்து பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். ஐந்து கேள்விகளுக்கும் சரியான விடை. ஒரு பிசிறு கிடையாது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசியில் தீபா கேட்டாள்: "கீர்த்தி, உனக்கு இதெல்லாம் பிடிச்சுத்தான் பண்றியா?"

தீபாவே தொடர்ந்தாள்.

"ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிமிஷம் அப்படியே உறைஞ்சு போயிடற. ரெண்டு தடவை நெட் போயிடுச்சோன்னு நெனச்சேன். விடை எல்லாம் சரி. ஆனா அவங்க விடை தெரிஞ்ச ஆளைத் தேடல. கூட உக்காந்து யோசிக்க ஆள் தேடறாங்க. நீ எப்படி யோசிக்கறேன்னு எனக்கு ஒண்ணுமே தெரியல. உன்னை வாய மூடிக்கச் சொன்னது யாரு?"

கீர்த்தி என் பக்கம் திரும்பவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. யாரும் சொல்லவில்லை, பழக்கம் என்றாள்.

6 ஏப்ரல், ஞாயிறு

தூக்கமில்லை. 156/92.

1991. அளவு அறைத் தலைவர் பதவிக்கு நேர்காணல். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்த வளையம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு விரியும் என்று ஒரு கேள்வி. எனக்குத் தெரியும். மனதுக்குள் கணக்கைப் போட்டேன், சரிபார்ப்பதற்காக மறுபடியும் போட்டேன். நடுவில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். போகலாம் என்றார். கதவுப் பிடியில் கை வைத்தபோது விடை இரண்டாம் முறையும் ஒத்துப்போனது. மூன்று தசமம் வரை சரி. திரும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சந்திரிகாவிடம் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அதே அறையில் இருபது வருஷம்.

என்னைக் கெடுத்த நோயை அளந்து, கட்டம் போட்டு, அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

விலகிக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.

7 ஏப்ரல், திங்கள்

கடிதத்தை நீட்டினேன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்பதை யோசிக்கவில்லை. என் எதிரிலேயே விரல் வைத்து, உரக்க, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "பெ-ரு-ம... பெருமதிப்பிற்குரிய கீர்த்தி அவர்களுக்கு. அரே, நான் அவர்களா? எ-ன-து த-கு-தி-யி-ன்-மை... தாத்தா இது என்ன வார்த்தை, இவ்ளோ லம்பா, நீளமா இருக்கு?"

எனக்குத் தகுதி இல்லை என்று அர்த்தம் என்றேன். 1991-ஐச் சொன்னேன். முழுவதும். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

கீர்த்தி பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "எழுந்திரிங்க. அந்தச் சேர்ல உக்காருங்க. இன்னிக்கு நான் கேக்கறேன்."

"எனக்கு எதற்கு?"

"தெரிஞ்சுட்டு பேசறது எப்படின்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்கல்ல? தெரியாம பேசறது எப்படின்னு சேர்ந்து கத்துக்கலாம். கேள்வி: புறா நடக்கும்போது ஏன் தலைய முன்னாடி பின்னாடி ஆட்டுது?"

எனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டேன். பத்து நொடி ஆனது.

"நெட் போயிடுச்சு," என்றாள் கீர்த்தி.

"ஏனுங்க, ஏதாச்சும் சொல்லுங்க. தப்பாச் சொன்னா புறாவா வந்து கேக்கப் போகுது?" என்றாள் உள்ளே இருந்து சந்திரிகா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

சொன்னேன். சமநிலைக்காக இருக்கலாம். நாம் கை வீசுகிற மாதிரி. இல்லை... கோழியும் ஆட்டுகிறது, வாத்து அவ்வளவாக ஆட்டுவதில்லை, இரண்டுக்கும் இரண்டு கால்தான். அப்படியானால் சமநிலை இல்லை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பால்கனிக்குப் போனோம். மூன்று பேரும் குனிந்து புறாவைப் பார்த்தோம். தலை முன்னால் போகிறது, அங்கேயே நிற்கிறது, உடம்பு பின்னாலிருந்து வந்து சேர்கிறது. ஆட்டவே இல்லை! தலையை நிறுத்தி வைக்கிறது. எதற்காக நிறுத்த வேண்டும்? எதையாவது சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் கருவி அசையக் கூடாது — இதை நான் கத்தியிருக்க வேண்டும், புறா பறந்துவிட்டது.

கீர்த்தி கைதட்டினாள். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறாள்: நேரம் 11 நிமிஷம். குறை: கத்தல்.

நாளை குச்சியை எடுக்கப் போவதில்லை. கூடு கட்டட்டும்.

9 ஏப்ரல், புதன்

குறை என்ற கட்டத்தை அடித்துவிட்டேன். அந்த இடத்தில்: எங்கே மனதை மாற்றிக்கொண்டாள்? இன்று ஏழு இடங்களில். மாடிப்படி ஏறும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

11 ஏப்ரல், வெள்ளி

மூன்றாம் மாடியில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் சபரி, சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர், தரையை உடைத்து டைல்ஸ் மாற்றுகிறார். டிரில் சத்தம் எங்கள் கூடத்துக்குள்ளேயே ஓட்டுவதுபோல் இருக்கிறது. பதினாறாம் தேதி காலை மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டும். கீர்த்தியிடம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

12 ஏப்ரல், சனி

சபரியை லிஃப்டில் பார்த்தேன். வெயில் அதிகம் என்றேன். ஆமாம் அங்கிள் என்றார்.

14 ஏப்ரல், திங்கள்

சபரி வீட்டு மணியை அடித்தேன். அவர் கதவைத் திறப்பதற்குள் இறங்கி வந்துவிட்டேன். போனில் பேசிக்கொண்டிருப்பார், தொந்தரவு.

15 ஏப்ரல், செவ்வாய்

"சொல்லிப்போட்டீங்களா?" என்றாள் சந்திரிகா. நாளைக் காலை சொல்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

16 ஏப்ரல், புதன்

இன்று பென்சிலைத் தேடவில்லை. நேரே மையில்.

எட்டு மணிக்கு மேலே போனேன். சபரி ஹிஞ்ஜேவாடி ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. வேலைக்காரர்கள் இன்னும் வரவில்லை. இன்று விடுமுறையாக இருக்கலாம் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டு இறங்கினேன்.

பதினொரு மணி நேர்காணலுக்குப் பத்தரைக்கே கீர்த்தி வந்தாள். வெள்ளைச் சட்டை, மேரி பின்னிவிட்ட தலை. மேரி தவக்கால உபவாசத்தோடு கீழே உட்கார்ந்து ஜெபம் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. அவளை மேஜைமுன் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலை வைத்து, அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றிவிட்டு நானும் சந்திரிகாவும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். கதவைச் சாத்தும்போது, "தாத்தா, நெட் போனா?" என்று கேட்டாள். "போகாது. பேசிக்கொண்டே இரு," என்றேன்.

10.54. மேலே டிரில் ஆரம்பித்தது.

சந்திரிகா என்னைப் பார்த்தாள். "ஒண்ணு நீங்க போங்க. இல்லாட்டி நான் போறேன். ஆனா நீங்க போனாத்தான் நல்லாருக்குமுங்க."

போனேன். எழுபத்துநான்கு வயசு, முழங்கால் வலி, பதினெட்டுப் படி. எண்ணவில்லை, எனக்கு முன்பே தெரியும். கதவு திறந்திருந்தது. தூசியில் இரண்டு பேர். ஒருவர் டிரில்லோடு தரையில் குந்தியிருந்தார். பய்யா என்றேன். கேட்கவில்லை. பய்யா என்று கத்தினேன். கேட்கவில்லை. எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் இந்தியில் ஒரு வாக்கியத்தைக் கட்டினேன், சரிபார்க்க ஆரம்பித்தேன் — அப்போது அந்தக் கதவுப் பிடி ஞாபகம் வந்தது. 1991-இன் கதவுப் பிடி. சுவரில் பிளக் இருந்தது.

பிடுங்கிவிட்டேன்.

நிசப்தம். "அரே சாச்சா! க்யா கியா?" என்ன செய்தீர்கள் என்று டிரில்காரர் எழுந்தார்.

ஐம்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் என் இந்தி காய்கறிக் கடையைத் தாண்டியதில்லை. ஆனால் பேசினேன். "நீச்சே ஏக் லட்கி... இம்திஹான். நஹி, இம்திஹான் நஹி, இன்டர்வியூ. கித்னா டைம்... முஜே மாலும் நஹி. ஏக் கண்டா? ஷாயத் ஏக் கண்டா. தப் தக் பந்த்." கீழே ஒரு பெண்ணுக்கு நேர்காணல், ஒரு மணி நேரமாவது நிறுத்துங்கள் என்பதுதான் அது. ஒவ்வொரு வார்த்தையையும் சொல்லிவிட்டுத்தான் சரிபார்த்தேன். மேஸ்திரி கோபப்படுவார், இன்றைக்கே முடிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். எனக்குப் புரியாத பாதியும் அதில் இருந்தது. பிளக்கை நான் விடவில்லை. கடைசியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உங்கள் பேத்தியா என்று கேட்டார்.

"நஹி," என்றேன். பிறகு, ஆமாம் என்று தலையாட்டி, "ஹா(ன்)," என்றேன்.

சிரித்துவிட்டார். இரண்டு பேரும் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு மூட்டையைத் தட்டிக் கொடுத்தார்கள். எங்கள் எதிர்வீட்டு அடுப்பில் சந்திரிகா போட்ட டீ பிளாஸ்கில் வந்தது.

11.25-க்கு என் போன் அடித்தது. சபரி. "அங்கிள், கான்ட்ராக்டர் கால் பண்றாரு. நீங்க வொர்க்க நிறுத்திட்டீங்களாமே?"

"ஆமாம். நான்தான். பன்னிரண்டு மணிக்குத் தருகிறேன்."

"எதை அங்கிள்?"

"பிளக்கை."

விஷயத்தைச் சொன்னேன். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லீவே விட்டிருப்பேனே அங்கிள்," என்றார். ஐந்து நாள் நான் சுமந்தது இவ்வளவுதான்.

நேர்காணல் நாற்பது நிமிஷம் என்றிருந்தார்கள். 11.52 வரை போனது. கீர்த்தி படியில் தடதடவென்று ஏறி வந்தாள், அந்தத் தூசிக்குள்ளேயே.

"தாத்தா! பஸ்ல தண்ணி பாட்டில படுக்க வெச்சிருக்கு, உள்ள ஒரு பபிள் இருக்கு. டிரைவர் பிரேக் போட்டா பபிள் எந்தப் பக்கம் போகும்? இதான் கேள்வி. நான் உடனே முன்னாடின்னு சொல்லிட்டேன், நாம எல்லாரும் முன்னாடிதானே விழறோம், பப்பா பஸ்ல தினம் பாக்கறேன்னு. அப்பறம் நானே இருங்க இருங்க, நான் தப்புன்னேன். தண்ணியும் முன்னாடி போகும்ல? தண்ணிதான கனம்? அது முன்னாடி எடத்தப் புடிச்சா பபிள் எங்க போகும்? பின்னாடி! அப்பறம் மேஜைல இருந்த உங்க பாட்டில எடுத்து, பாதி குடிச்சுட்டு, படுக்க வெச்சு இழுத்து நிறுத்திக் காட்டினேன். கேள்வி கேட்ட மேடம் எழுந்து நின்னுட்டாங்க தாத்தா. அப்பறம் பஸ் திரும்பினா என்ன ஆகும்னு அவங்க ஒண்ணு சொன்னாங்க, நான் இல்லன்னேன், சண்டை!"

"யார் ஜெயித்தது?"

"தெரியல! டைம் முடிஞ்சுடுச்சு!"

டிரில்காரர் பிளக்குக்காகக் கை நீட்டினார். கொடுத்தேன். என் உள்ளங்கையில் அதன் மூன்று முனைகளும் பதிந்திருந்தன.

20 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். கீழிருந்து பிரியாணி. சந்திரிகா சைவம், எனக்குத்தான் முழுவதும். 130/80.

22 மே, வியாழன்

மே மாதத்திலேயே இப்படி ஒரு மழை. நான்கு மணிக்குக் கீழே யாரோ அலறினார்கள். லோக்கல் போய்க்கொண்டிருந்ததால் ஒன்றும் புரியவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் போய் முடிவதற்குள் கீர்த்தி இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டாள், பின்னால் மேரி, அவருக்குப் பின்னால் காக்கிச் சட்டையோடு டேனியல்.

நாற்பதில் ஒருத்தி.

மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டேனியல்தான் பேசினார்: "சார், நம்ம கட்கியில இருக்கிற பஸ் டிரைவர் அத்தன பேருக்கும் போன் பண்ட்டேன். கண்டக்டருங்கதான் பாக்கி."

கீர்த்தி போனில் கடிதத்தை எனக்குக் காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தேன். வழக்கம்போல் இரண்டாம் முறை படிக்கப் போனேன். வேண்டாம் என்று நிறுத்தினேன்.

"நன்றாக இருக்கிறது," என்றேன்.

"தேதியக் குறிச்சு வெய்ங்க," என்றாள் சந்திரிகா. குறித்துவிட்டேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

விடுதியிலிருந்து கீர்த்தியின் போன். முதல் வார வகுப்பு. நேர்காணலில் எழுந்து நின்ற அந்த மேடம்தான் பாடம் எடுக்கிறாராம். பஸ் திரும்பும் சண்டையை எல்லோர் முன்னாலும் மறுபடி ஆரம்பித்தார்களாம். "பதினோரு நிமிஷம் தப்பாப் பேசினேன் தாத்தா! பன்னெண்டாவது நிமிஷத்துல புரிஞ்சுடுச்சு. செம!"

பிறகு குடியிருப்போர் கூட்டம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஏன் இரவில் தானாக நிரம்பி வழிகிறது என்று ஒரு மணி நேரமாக ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன்.

எழுந்தேன். எனக்கு முழுவதும் தெரியாது என்று ஆரம்பித்தேன். தண்ணீரை நிறுத்தும் மிதவை காரணமாக இருக்கலாம் என்றேன். இல்லை, மிதவையாக இருந்தால் பகலிலும் வழிய வேண்டுமே என்றேன். சபரி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நாளைக் காலை ஆறு பேர் மேலே போய்ப் பார்க்கிறோம்.